எப்படி அடிப்பீர்கள்?

விஸ்கியைக் கண்டுபிடித்தவன், அதை எப்படிக் குடிக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வைக்காமல் செத்துப்போனான். அந்த ஒரு தவறால் இதுவரை எத்தனை மூக்குகள் உடைந்திருக்கின்றன என்பதற்கு, விஸ்கி அருந்துவோர் ஒழுங்குமுறைப் பேரவையின் ஆண்டறிக்கையில் தனி அட்டவணையே இருக்கிறது. சென்ற ஆண்டு நிலவரம்: மூக்கு பதினொன்று, பல் முப்பத்து நான்கு (பொய்ப்பல் சேர்க்கப்படவில்லை), காது ஒன்றரை.

பேரவையில் நான்கு பிரிவுகள். 'ரா' பிரிவுக்காரர்கள் விஸ்கியில் எதையும் கலக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பிடித்தது புகைவாசம் அடிக்கும் பழைய சரக்கு; மூடியைத் திறந்தால் தீப்பிடித்த ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும். தண்ணீர்ப் பிரிவுக்காரர்கள் வாற்கோதுமை விஸ்கியில் சொட்டு மருந்துக் குழாயால் ஏழு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். எட்டாவது சொட்டு விழுந்தால் விட்டவனுடைய விரலை மடக்குவார்கள், அது மடங்காத பக்கமாக. சோடாப் பிரிவுக்குக் கலப்பு விஸ்கி. கனமான கண்ணாடி சோடாப் பாட்டில் இல்லாமல் அவர்கள் வெளியே கிளம்புவதில்லை. ஐஸ் பிரிவுக்கு இனிப்பான மக்காச்சோள விஸ்கியும், முஷ்டி அளவு ஐஸ் கட்டியும். 'முஷ்டி அளவு' என்று விதியில் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஐஸ் தீர்ந்துபோனால் முஷ்டியையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

நான்கு பிரிவுக்கும் நான்கு வாசல், நான்கு படிக்கட்டு, நான்கு கக்கூஸ். முதலுதவி அறை மட்டும் பொது.

இந்தப் பேரவைக் கட்டடத்தின் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு தகரக் கொட்டகை நின்றது. அது சொட்டை மேஸ்திரியின் பட்டறை. இடிபட்டு வரும் கார்களின் சொட்டையைத் தட்டி எடுப்பது அவர் தொழில். தலையிலும் முடி இல்லாததால் பட்டப்பெயர் இரண்டு பக்கமும் பொருந்தியது. அவர் தட்டி நிமிர்த்திக் கொடுத்தால், அவர் மனைவி அதன் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பாள். பத்தொன்பது வருடமாக இரண்டு பேருக்கும் அந்தக் கொட்டகைதான் சோறு.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சோற்றில் ஒரு காகிதம் வந்து விழுந்தது.

"தங்கள் பட்டறையிலிருந்து எழும் அடிக்கும் ஓசை, எமது உறுப்பினர்கள் விஸ்கியின் மௌனத்தைச் செவிமடுப்பதற்கு இடையூறாக உள்ளது. இன்று மாலை ஆறு மணிக்கு உரிம அலுவலர் நேரில் வந்து பட்டறைக்குச் சீல் வைப்பார். பேரவைத் தலைவர் தம் கையெழுத்தில் புகாரை வாபஸ் பெற்றாலன்றி இதில் மாற்றமில்லை."

மேஸ்திரி அதை மூன்று தடவை படித்தார். "மௌனமா? முந்தாநாள்கூட அந்தப் பக்கத்துலேர்ந்து எவரோ நம்ம சுவத்துல தலையால மோதினாரே. தகரமே அதிர்ந்துச்சு."

"அவர் மௌனமாத்தான் மோதினாராம். சுவருதான் சத்தம் போட்டுச்சாம்" என்றாள் மனைவி, பட்டித் தகட்டைத் துடைத்துக்கொண்டே. "ஏங்க, போய்த் தலைவர் கையில கால்ல விழுந்தாவது கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உள்ளதைச் சொல்லுங்க. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொன்னா காது ரெண்டும் ஆடும்."

"அடிச்சுருவாங்களோ?"

"நீங்க அடிக்காத அடியா? போங்க."

மேஸ்திரி சட்டையை மாற்றிக்கொண்டு, கையெழுத்துக்காகத் தானே எழுதிய வாபஸ் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான்கு மணிக்குப் பேரவையின் முகப்புக்குப் போனார். வாசல்காவலர் ஆறரை அடி உயரம். ஒரு கையில் பதிவேடு, இன்னொரு கையில் கட்டு.

"ராவா, தண்ணியா, சோடாவா, ஐஸா?"

"எதுக்குங்க?"

"எந்த வாசல்ல விடறதுன்னு தெரிய வேணாமா?"

"ஐயா, நான் தண்ணி அடிக்கிறதில்லீங்க."

"அப்போ தண்ணிப் பிரிவு இல்ல" என்று காவலர் ஒரு கட்டத்தை அடித்தார். "சோடா?"

"அதெல்லாம் எனக்கு ஒண்ணுமே தேவையில்லீங்க. தலைவரைப் பார்த்தா போதும்."

"ஒண்ணுமே தேவையில்ல. ரா." காவலர் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். "புது உறுப்பினர் நேர்காணலா? முன்னாடியே சொல்லக் கூடாது? மேல போங்க. படியில ரத்தம் காயல, பார்த்துக் கால் வைங்க."

மேலே நீண்ட கூடம். சுவரெங்கும் முன்னாள் தலைவர்களின் படங்கள். ஒருவருக்குக்கூட மூக்கு நேராக இல்லை. மேஸ்திரியின் கை தானாக ஊறியது. நல்ல சுத்தியும் அரைமணி நேரமும் கொடுத்தால் அத்தனையையும் நிமிர்த்தியிருப்பார்.

கூடத்தின் நடுவில் அப்போது ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. குற்றவாளி ஒல்லியான பள்ளி ஆசிரியர், கழுத்தில் மப்ளர். நெடிய மேசைக்குப் பின்னால் தலைவர், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பிரிவுத் தலைவர்கள். செயலாளர் குற்றப்பத்திரிகையை வாசித்தார்:

"இவர் தம் வீட்டில், தம் மனைவியோடு உட்கார்ந்து, விஸ்கியில் வெந்நீரும் தேனும் கலந்து குடித்திருக்கிறார்."

"சளி பிடிச்சிருந்துச்சுங்க ஐயா" என்றார் ஆசிரியர்.

"அது பரவாயில்லை" என்றார் தலைவர். "குடிக்கும்போது சிரிச்சீங்களா?"

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டுக்காரி ஏதோ சொன்னா... லேசா சிரிச்சுட்டேன்."

கூடம் மூச்சை இழுத்தது. தலைவர் எழுந்தார்.

"அன்பர்களே! விஸ்கி சந்தோஷத்துக்கான பானம் அல்ல. சந்தோஷமாக இருக்க வேண்டுமென்றால் மோர் குடிக்கலாமே! பன்னிரண்டு வருடம் இருட்டுப் பீப்பாயில் கிடந்து வதைபட்ட ஒரு திரவத்தை, ஒரு மனிதன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே குடிப்பதா? நான் இருபத்திரண்டு வருடமாக விஸ்கி குடிக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட எனக்கு அது பிடித்ததில்லை. அதுதான் தலைமை!"

கைத்தட்டல் கட்டடத்தை உலுக்கியது. "இந்தப் பேரவை வன்முறைக்கு எதிரானது" என்று தொடர்ந்தார் தலைவர். "ஆகவே இவரை நாம் அடிக்கப் போவதில்லை. சட்டம் தன் கடமையைச் செய்யும்."

சட்டம் அறுநூறு பக்கம். கெட்டி அட்டை, நான்கு மூலையிலும் பித்தளைப் பூண். செயலாளர் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, ஆசிரியர்மீது அதன் கடமையை ஏழு தடவை செய்ய வைத்தார். ஐந்தாவது தடவையில் மப்ளர் சிவந்தது. ஆறாவதில் ஒரு பல் உருண்டு வந்து மேஸ்திரியின் செருப்பருகே நின்றது. ஏழாவது முடிந்ததும் ஆசிரியர் விதிப்படி "நன்றி" என்று சொல்ல வேண்டியிருந்தது. "ந"வை விட்டுவிட்டு மீதியைச் சொன்னார்.

"அடுத்தது?" என்றார் தலைவர்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். ஓடிவிடலாமா என்று மேஸ்திரியின் ஒரு கால் கேட்டது. கொட்டகை என்று மற்றக் கால் சொன்னது. மேசை முன்னால் போய் நின்றார்.

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சுத்தி வளைக்காம கேட்கறேன். எப்படி அடிப்பீங்க?"

அப்பாடா என்றிருந்தது மேஸ்திரிக்கு. பட்டறைச் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"எடுத்ததும் அடிக்க மாட்டேன்ங்க. முதல்ல கண்ணை மூடிக்கிட்டுக் கையால தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்."

பிரிவுத் தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் எழுதிக்கொண்டார்.

"அப்புறம்?"

"லேசாச் சூடு காட்டுவேன். சூடு காட்டாம அடிச்சா கிழிஞ்சிரும்."

"கிழிஞ்சிருமா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார் ஐஸ் பிரிவுத் தலைவர்.

"நிறைய பேருக்குக் கிழிச்சிருக்காங்க. பொறுமை இல்லாதவங்க அடிச்சது. கடைசியில என்கிட்டதான் வருவாங்க."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"காலையில எட்டு மணிக்குத் தொடங்கினா சாயங்காலம் வரைக்கும். நடுவுல சோத்துக்கு அரைமணி நேரம்."

தலைவரின் குரல் தாழ்ந்தது. "கை நடுங்காதா?"

"அடிக்காத நாள்லதாங்க நடுங்கும்."

"தனியாவா?"

"சம்சாரம் கூடவே இருக்கும். நான் அடிச்சு முடிச்சதும் அது ஆரம்பிக்கும். எங்கப்பாவும் அடிச்சவர்தான். சாகற அன்னிக்குக் காலையிலகூட ரெண்டு அடிச்சிட்டுத்தான் படுத்தார்."

சோடாப் பிரிவுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நுட்பத்தைச் சொல்லுங்க. ஒளிக்காம" என்றார் தலைவர்.

"உள்ளேயிருந்து வெளியே அடிக்கணுங்க. வெளியேயிருந்து உள்ளே அடிக்கிறவன் கத்துக்குட்டி. பின்னால ஒரு இரும்பைத் தாங்கு கொடுத்து, மரச்சுத்தியால மெல்ல மெல்ல. ஓங்கி ஒண்ணு விடறதுல ஒரு பெருமையும் இல்ல. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க?"

நாற்பது வருடமாக 'ரா அடிப்பது', 'தண்ணி அடிப்பது' என்று நாளுக்கு நூறு தடவை சொல்லிவந்த அந்தப் பேரவையில், அடிப்பதற்கு வேறு பொருளும் உண்டு என்பது ஒருவர் மூளையிலும் மிச்சமிருக்கவில்லை. உள்ளேயிருந்து வெளியே விஸ்கி அடிக்கும் ஒரு மகான் சொட்டைத் தலையோடு எதிரில் நிற்கிறார் என்றுதான் அத்தனை பேரும் நம்பினார்கள்.

"நம்ம ஆளு!" என்று குதித்தார் ராப் பிரிவுத் தலைவர். "எதையாவது கலந்தாரா? கலக்கலையே!"

"அடிச்சு முடிச்சதும் சூடு ஆறத் தண்ணி தெளிப்பேன்ங்க" என்றார் மேஸ்திரி. உள்ளதைச் சொல்லும் வியாதி.

"தண்ணி! கேட்டுக்கிட்டீங்களா? எங்க ஆளு!" தண்ணீர்ப் பிரிவுத் தலைவர் மேஸ்திரியின் வலது கையைப் பிடித்தார்.

"ஆற வைக்கிறார்னா குளிர வைக்கிறார்னுதானே அர்த்தம்?" ஐஸ் பிரிவுத் தலைவர் இடது கையைப் பிடித்தார்.

"நுரை உண்டா, நுரை?" என்று கத்தினார் சோடாப் பிரிவுத் தலைவர்.

"சம்சாரம் தேய்க்கிறப்போ சோப்பு நுரை வருங்க."

சோடாப் பிரிவு ஒரு காலைப் பிடித்தது. மிச்சமிருந்த காலை ரா எடுத்துக்கொண்டது. மேஸ்திரி தரைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நான்கு திசையிலும் இழுபட்டார்.

"ஐயா, கையெழுத்து!" என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. அப்போதே ஒரு காது ஐஸ் இடுக்கியில் மாட்டியிருந்தது.

அடுத்து நடந்ததைக் கூட்டக் குறிப்பு 'கருத்துப் பரிமாற்றம்' என்று குறிப்பிடுகிறது. முதலில் பரிமாறப்பட்டது ஒரு சோடாப் பாட்டில். அது ராப் பிரிவுத் தலைவரின் நெற்றியில் இறங்கியது. அவர் விழும்போது மேஸ்திரியின் காலையும் விட்டார், அது பேருதவி. ஐஸ் பிரிவு வாளியோடு பாய்ந்தது. முஷ்டி அளவு கட்டிகள் பறந்தன, பிறகு விதிப்படி முஷ்டிகள். தண்ணீர்ப் பிரிவு அமைதியானவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அவர்கள் ஒரு சோடாக்காரரைப் பிடித்துப் படுக்கவைத்து மூக்கில் சொட்டுக் குழாயால் ஏழு சொட்டு விட்டு, எட்டாவதற்குக் குழாயையே விட்டார்கள். நாற்காலிக் கால்கள் முறிந்தன. நாற்காலி இல்லாதவர்களின் கால்களும் முறிந்தன. யாருடைய மூக்கிலிருந்தோ ஒழுகிய ரத்தம் மேசையிலிருந்த கோப்பையில் சொட்ட, பக்கத்தில் குப்புற விழுந்து கிடந்த சுவைக்குழு உறுப்பினர் ஒருவர் அதை எடுத்து ஒரு வாய் உறிஞ்சி, "பின்சுவையில் லேசான இரும்பு" என்று குறிப்பெழுதிவிட்டு மயங்கினார்.

"அன்பர்களே, கண்ணியம்! கண்ணியம்!" என்று கூவியபடி தலைவர் சட்டப் புத்தகத்தை எடுத்து நாலு பக்கமும் வீசினார். ஐந்தாவது வீச்சில் யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். சட்டம் தலைவர்மீதும் தன் கடமையைச் செய்தது. அந்த வகையில் அது பாரபட்சம் பார்க்காத சட்டம்.

தலைவர் மேசைக்கு அடியில் சரிந்தார். மேஸ்திரியும் அங்கேதான் ஒளிந்திருந்தார்.

மணி ஐந்து நாற்பது.

"ஐயா... ஐயா..." அசைவில்லை. கடிதமும் பேனாவும் தயார். கையெழுத்துப் போட வேண்டியவர் மல்லாந்து கிடக்கிறார். தண்ணீர் தெளிக்கலாம் என்று கையை நீட்டினால், கிடைத்தது கவிழ்ந்த வாளி. சத்தம் போட்டுக் கூப்பிடலாம் என்றால், மேலே மேசையின் முதுகில் யாருடைய தலையையோ வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. கண்ணை மூடிக்கொண்டு தலைவரின் முகத்தைத் தடவிப் பார்த்தார். இடது தாடை ஒரு விரல் உள்ளே போயிருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடு காட்டினார். பின்மண்டைக்கு ஒரு கையைத் தாங்கு கொடுத்தார். மறு கையால் தட்டத் தொடங்கினார். மெல்ல, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, அப்புறம், நேரமாகிவிட்டதால், நன்றாகவே.

பளார், பளார் என்று பதினான்காவது அடியில் தாடை 'டொக்' என்று இடத்துக்கு வந்தது. தலைவர் கண்ணைத் திறந்தார். அதில் ஒரு புது வெளிச்சம்.

"இதுதானா?" என்றார். "இதுதானா நீங்க சொன்ன அடி?"

"மன்னிச்சிருங்க ஐயா. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு..."

"பேசாதீங்க. இருபத்திரண்டு வருஷமா நாலு பிரிவுக்காரனும் என்னை அடிச்சிருக்கான். எவனுக்கும் அடிக்கத் தெரியல. தலையெல்லாம் கிறுகிறுங்குது, காது சூடாகுது, அழுகையும் வருது சிரிப்பும் வருது. ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாம ஏறிடுச்சே, மேஸ்திரி! கலப்பில்லாத அடி!"

"ஐயா, இதுல ஒரு கையெழுத்து..."

"ஒண்ணு என்ன?" தலைவர் கடிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்திட்டார். மேஸ்திரி தடுப்பதற்குள் அதன் கீழே நாலு வரி கிறுக்கி, அதற்கும் ஒரு கையெழுத்திட்டார். பிறகு மேசைக்கு மேலே தலையை நீட்டி, "நிறுத்துங்கள்! ஐந்தாம் பிரிவு பிறந்துவிட்டது!" என்று முழங்கினார்.

நிற்க முடிந்தவர்கள் நிறுத்தினார்கள். மேஸ்திரி நிற்கவில்லை. படியில் காயாத ரத்தத்தில் வழுக்கி, காவலரின் கட்டுப் போட்ட கையில் மோதி, தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

பட்டறை வாசலில் உரிம அலுவலர் பூட்டும் அரக்கும் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஷட்டருக்கு நடுவில் மனைவி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மரச்சுத்தி.

"சார், கையெழுத்து வாங்கியாச்சு!" மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது.

அலுவலர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். "ஓசை பற்றிய புகார் வாபஸ். சரி. பூட்ட வேண்டியதில்லை." மனைவி எழுந்தாள். "கீழேயும் எழுதியிருக்கே. 'மேற்படி பட்டறை இந்நிமிடம் முதல் பேரவையின் ஐந்தாம் பிரிவான சுத்தியல் பிரிவின் தலைமையகமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இனி இங்கே வாகனங்கள் பழுது பார்க்கப்பட மாட்டா.' தலைவர் கையெழுத்து இருக்கு, முத்திரை மாதிரி ரத்தமும் இருக்கு. பட்டறை பிழைச்சுதும்மா. ஆனா உங்களோடது இல்ல."

மனைவி புருஷனைப் பார்த்தாள். "உள்ளதைச் சொல்லச் சொன்னேன். உள்ளதையெல்லாம் கொடுக்கவா சொன்னேன்?"

மேஸ்திரி பதில் சொல்லுமுன் தெருமுனையில் ஊர்வலம் தெரிந்தது. தலைவர், செயலாளர், நான்கு பிரிவுத் தலைவர்கள், வாசல்காவலர். ஏழு பேர். ஒருவர் நொண்டினார், ஒருவருக்குக் காதைச் சுற்றித் துணி. செயலாளரின் தோளில் தாளில் சுற்றிய புதுப் பெயர்ப்பலகை, பெயிண்ட் ஈரம் காயவில்லை. பட்டறை வாசலில் வந்து வரிசையில் நின்றார்கள். தலைவர் கைகூப்பினார்.

"அம்மா, நீங்களும் கூடச் சேர்ந்து அடிப்பீங்கன்னு கேள்விப்பட்டோம். எங்களுக்கும் வேணும். காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும். இனிமே இந்த இடமே அதுக்குத்தான்."

"இடம் அதுக்குத்தானா?" என்றாள் மனைவி.

"அதுக்கு மட்டும்தான். அந்தக் கார் குப்பையெல்லாம் தூக்கிப் போட்டுருவோம்."

மனைவி ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கார்க் கதவில் பட்டி பூச வேண்டிய இடத்தைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை ஓரமாக நகர்த்தினாள்.

"உள்ள வாங்க. ஏங்க, நீங்க வெளியவே இருங்க. நாலு மணிலேர்ந்து அலைஞ்சிருக்கீங்க."

ஏழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு உள்ளே போனார்கள். அவள் ஷட்டரை உள்பக்கமிருந்து இறக்கினாள்.

கொஞ்ச நேரம் மௌனம். பேரவை இத்தனை வருடமாகச் செவிமடுக்க ஏங்கிய மௌனம் அது ஒன்றுதான். பிறகு தகரம் அதிர்ந்தது. அடுத்து அதிர்ந்தது தகரமில்லை. "அம்மா, ரா போதும்! ரா போதும்!" என்று ஒரு குரல். "தாங்கு கொடுங்கம்மா, தாங்கு!" என்று இன்னொரு குரல். "இது வெளியேயிருந்து உள்ளே!" என்று அலறியவர் செயலாளர், குறிப்பெடுக்கும் பழக்கம் விடவில்லை.

ஷட்டரின் இடுக்கு வழியாகத் தலைவரின் நான்கு விரல்கள் வெளியே வந்தன. "அலுவலர் ஐயா! சத்தம் கேட்கலையா? நடவடிக்கை எடுங்க!"

அலுவலர் குனிந்து, விரல்களிடம் மரியாதையாகச் சொன்னார்: "கேட்குதுங்க. ஆனா சத்தத்தைப் பத்தின புகாரை இப்பத்தானே வாபஸ் வாங்கினீங்க? புதுசா எழுதிக் கொடுங்க, தலைவர் கையெழுத்தோட. திங்கக்கிழமை பார்க்கலாம்."

விரல்கள் உள்ளே இழுக்கப்பட்டன.

கால்மணி நேரத்தில் ஷட்டர் ஏறியது. வந்தவர்கள் போனார்கள், நடக்க முடிந்தவர்கள் முடியாதவர்களைத் தாங்கிக்கொண்டு. யாரும் யாரையும் எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. மனைவி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை அலுவலரிடம் நீட்டினாள். பெயர்ப்பலகை சுற்றி வந்த தாள்தான். ஐந்தாம் பிரிவு கலைக்கப்பட்டது, பட்டறை அதன் சொந்தக்காரர்களுக்கே உரியது என்று அதில் பட்டித் தகட்டின் நுனியால் எழுதியிருந்தது.

அலுவலர் கீழே இருந்த கையெழுத்துகளைச் சரிபார்த்தார். ஏழும் இருந்தன. ஏழு பேரும் இடது கையால் போட்டிருந்தார்கள்.